மூடி போட்ட நாவற்பழம்

"இந்த வருஷமும் பழம் விக்காம தங்கிப்போச்சுன்னா மரத்த அறுப்புக்குக் குடுத்துடுவேன். நெழல் விழுந்து கீழ மல்லாட்டச் செடி காய்க்கவே மாட்டேங்குது" என்று வேர்க்கடலைச் செடிகளைக் காட்டிப் பச்சமுத்து சொல்லிவிட்டார். அவர் மனைவி ரஞ்சிதம் நாவற்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

அங்கே இரண்டு கடை தள்ளி, மலையிலிருந்து ஐஸில் வந்த ஸ்ட்ராபெர்ரி, பளபளவென்று பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார்ந்திருந்தது. ஜனமெல்லாம் அந்தப் பக்கம்தான். டப்பாவுக்குத்தான் மவுசு என்று நினைத்த ரஞ்சிதம், தானும் டப்பா வாங்கினாள். வழக்கம்போலப் பழத்தை உப்பில் குலுக்கி, நிரப்பி, மூடியை அழுத்தினாள். அத்தனையும் விற்றது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

மறுநாள் சாயங்காலம், முந்தின நாள் டப்பா வாங்கிப்போன அமலா வந்து நின்றாள். செஞ்சியில் துணிக்கடை வேலை. தினமும் மேல்சித்தாமூருக்கு பஸ் ஏறுகிறவள்.

"இன்னாக்கா, பழம் கேட்டா சாயம் குடுத்துக்கீற! பஸ்ஸுல ஒழுகி பொடவையெல்லாம் ஊதா. எங்க வூட்டுக்காரரு சிரிக்கிறாரு!"

ரஞ்சிதம் பதறிப்போய், அன்று காலையில் அடைத்த ஒரு டப்பாவைத் திறந்தாள். நின்ற இடத்திலேயே தின்கிறவர்களுக்கு உப்பு ருசி. மூடிக்குள்ளே அதே உப்பு பழத்துத் தண்ணீரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. பழங்கள் சுருங்கி மிதந்தன.

"டப்பாவுல இருந்தாதான வாங்குறீங்க?" என்றாள்.

"டப்பா யாருக்குக்கா வேணும்? பை அழுக்காவாம வூடு போய்ச் சேரணும், அவ்ளோதான். அந்த டப்பாவ எங்க மாடு மென்னு தொலைக்கப்போவுதேன்னு அதுவேற பயம்."

சொல்லிக்கொண்டே அமலா பையிலிருந்து, மத்தியானம் சோறு தின்று கழுவி வைத்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள். "கூடையிலேருந்து இதுல போடு. உப்பு வோணாம், வூட்ல போய் போட்டுக்கறேன்."

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாரிடம்தான் காலி சோத்து டப்பா இல்லை? பின்னாலேயே ஒருத்தி பையைத் திறந்தாள். "எனக்கும் போடுக்கா. ஆனா குழம்பு வாசனை வந்தா என்னைக் கேக்காத!"

இருட்டுவதற்குள் கூடை காலி.

வீட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள் ரஞ்சிதம். பச்சமுத்து கூடையைப் பார்த்தார். கொல்லையில் மரத்தைப் பார்த்தார்.

"பழைய பொடவை இருந்தா எடு. மரத்தடியில கட்டுவோம். வுழுற பழமெல்லாம் மண்ணுல நசுங்குதில்ல?"

"எந்தப் பொடவை?"

"கறை தெரியாததா பாத்து எடு. வருஷா வருஷம் கட்டணும்."