மாப்பிள்ளை நாற்காலி

என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் ஜீப் எடுப்பதை நிறுத்தியதும் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன். போடிமெட்டு வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் அது. கியர் சரியில்லை என்று சொல்லி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். மறுபடி கத்தியபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"கண்ணு போகுது மாரி. அப்பாவுக்குப் போன மாதிரியே."

மாமனாருக்குச் சர்க்கரையால் பார்வை போனது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என் அண்ணன் வீட்டு டிவியில் என்றார்.

அண்ணன் பிச்சைமணி சின்னக்கானல் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார். ஒரு ரிசார்ட்டில் கழித்துவிட்ட பெரிய டிவியைத் தூக்கி வந்திருந்தார். பீரோ மாதிரி தடிமன். உள்ளே விளக்கு எரிந்து, பின்னாலிருந்து திரையில் படத்தை அடிக்கிற பழைய வகை. எச்.டி. என்று பெருமை வேறு. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு எங்களையும் கூப்பிடுவார். புல்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது என்று எல்லாரும் மெச்சுவார்கள். இவருக்கு மட்டும் மங்கல். பந்து போகிற இடமே தெரியாதாம். கண்ணைச் சோதிக்க வெளியே தூரத்தில் பார்க்கலாமென்றால் மலை முழுக்க மூடுபனி. கண் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். டாக்டர் வாயால் கேட்கப் பயம்.

"வண்டி நெறைய பொம்பளைக. நான் எப்பிடி ஓட்ட?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறும் போனோம். போகாவிட்டால் அண்ணன் துருவித் துருவிக் கேட்பார். மற்றவர்கள் டிவிக்கு நேராகப் பாயில் உட்கார்ந்தார்கள். இவருக்கு வழக்கம்போல் சுவரோரம் நாற்காலி. நடுவில் போட்டால் மறைக்குமே. ஆட்டத்துக்கு இடையில் யாரோ போனில் கூப்பிட, இவர் எழுந்து வெளியே போனார். முழங்கால் வலியில் அந்த நாற்காலியில் நான் சாய்ந்தேன். டிவியில் உச்சி வெயில் மைதானம் பொழுதுசாய்ந்த மாதிரி கிடந்தது. எனக்கும் கண் போய்விட்டதா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். கீழே பாய்ப்பக்கம் இருந்த டம்ளரை எடுக்கக் குனிந்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. நிமிர்ந்தேன். போய்விட்டது.

இங்கிருந்து ஏன் இருட்டாகத் தெரிகிறது என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே, அது அப்படித்தான், நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று டிவியைத் தந்த ஜோமோன் அன்றைக்கே சொன்னான் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிறகு ஏன் இவரை இங்கே உட்காரவைத்தீர்கள் என்றேன்.

"மாப்பிள்ளைய பாயிலயா உக்கார வைக்க முடியும்?"

உள்ளே வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துப் பாய் நடுவில் உட்காரவைத்தேன். திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்த பந்தில் மறுபடி சுருங்கியது.

"மச்சான், பந்து வால் வச்ச மாதிரி இழுவுதே?"

அண்ணன் நெளிந்தார். பெருமை பேசிய வாயால் சொல்ல அவருக்கு மனமில்லை. கேபிளில் வருவது சின்னப் படம், இந்த டிவி அதை இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால் பந்து எல்லாருக்குமே இழுவும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். புல் தெரிகிறது என்று மெச்சியவர்களும் ஆமாம் என்றார்கள்.

இவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம் மாரி. காட்டிட்டு வந்து வண்டிய எடுக்கேன்."

அத்தனை பேர் நடுவில் நான் விக்கி விக்கி அழுதேன். அந்த நேரம் பார்த்து நம் ஆள் ஒருவன் அவுட். இன்னும் ஆறு விக்கெட் இருக்கிறது, ஜெயித்துவிடலாம் என்று அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னார்.