சாமிக்குப் பறித்த பூ

வேலிக்கு அந்தப் பக்கம் சாந்தகுமாரி அக்கா நீலக் குருணைப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்ததும் அபர்ணா வேலியோரம் போனாள். நத்தை மருந்து. மவுண்ட் ரோஸ்கில்லில் அந்தத் தெருவிலேயே மருந்து படாத தோட்டம் அவருடையதுதான். நத்தை இருந்தால்தானே குருவி வரும் என்று சொல்லிச் சிரிக்கிற மனுஷி.

“என்னக்கா, நீங்களா மருந்து வைக்கிறீங்க?”

“வேற என்ன செய்ய, பிள்ளை? போன வருசமும் விதை இல்லை, இந்த வருசமும் இல்லை. பூக்குது, அடுத்த நாள் காணேல்லை. நத்தைதான் தின்னுது.” குனிந்து வில்லோஹெர்ப் செடியின் மெலிந்த தண்டை நிமிர்த்தினார். “இந்த நாட்டுச் செடி. ஓடைக்கரையில போட விதை தாறன் எண்டு ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். இஞ்ச பாரும், பூவுக்குக் கீழ நீளமா இருக்கிறது காம்பில்லை, காய். பூவோட அதுவும் போனால் விதைக்கு எங்க போறது?”

காம்பு என்று நினைத்துத்தான் அபர்ணா இத்தனை நாளும் அதையும் சேர்த்துக் கிள்ளினாள். அது இல்லாவிட்டால் சாமி படத்தில் செருக முடியாதே.

வெறும் விளக்கு ஏற்ற அவளுக்கு மனம் வராது. ஒரு பூவாவது வேண்டும். வாடகை வீட்டின் பின்பக்கம் முழுக்க சிமெண்ட். முதலில் வேலி தாண்டி நீட்டிய கிளையில் பறித்தாள். அப்புறம் கை எட்டிய கிளையிலெல்லாம். கேட்டிருந்தால் அக்கா மடி நிறையக் கொடுத்திருப்பார். சாமிக்குப் பறித்தால் திருட்டில்லை என்று ஊரில் சொல்வதைப் பிடித்துக்கொண்டு இரண்டு கோடையை ஓட்டிவிட்டாள். சே, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவரிடமா இந்தக் கைவரிசை? சொன்னால் இனி எந்த முகத்தோடு வேலியோரம் நிற்பது?

எதிர்ப்பக்க வேலிக் கட்டையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து நத்தைக்காகக் கீழே பார்த்தது. அக்கா கையுறைக் கையில் குருணையை அள்ளினார்.

“போடாதீங்கக்கா.”

“ஏன்?”

“நத்தை இல்ல.”

“பின்ன ஆர்?”

அபர்ணாவுக்குப் பின்னால் அவள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தே இருந்தது. அக்காவின் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போய் முருகன் படத்தில் நின்றது. படத்தைச் சுற்றி, வெளிர் ரோஜா நிறத்தில், காலையில் செருகிய வில்லோஹெர்ப் பூக்கள் இன்னும் வாடவில்லை.

அக்கா கையைச் சரித்தார். குருணைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டலத்துக்குள் திரும்ப விழுந்தன.