முதலில் நேரில் சொல்வது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவளை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்றே அவள் தங்கையிடம் இரண்டு விஷயம் சொல்லிவைத்தாள். யாரிடமும் கத்த மாட்டாள். தன் ஆட்களைப் பாதிக்கிற எதையும் அவர்கள் அடுத்தவர் வாயால் கேட்கும்படி விடமாட்டாள். தானே முதலில் நேரில் சொல்லிவிடுவாள். முன்பு இருந்தவர் இரண்டுக்கும் நேர்மாறு.

கத்தாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. நாலு உலர்த்தும் இயந்திரங்கள் இரைகிற இடத்தில் மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? ஒவ்வொருவரிடமும் போய்க் காதோரம் சொன்னாள். கீழே வேலை செய்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு 'ரகசியம்' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள். ஆறு மாதம் நன்றாகவே போயிற்று.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் மாடிக்குக் கூப்பிட்டார். ஒரு ஆளைக் குறைக்க வேண்டும், யாரென்று நீங்களே சொல்லுங்கள் என்றார். ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள் அவள். பெயர் தரமுடியாது என்றும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பட்டியலை இழுத்து, இஸ்திரி போடும் அக்காவின் பெயரைத் தானே வட்டமிட்டார். மணிக்கட்டு வலியால் அக்காவின் வேகம் குறைந்திருந்தது. அந்த வலியைக் கொடுத்ததே இந்த வேலைதான் என்று அவள் வாதாடிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை லெட்டர் வரும். அதுவரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது."

செவ்வாய் முழுக்க அவள் இஸ்திரி மேசைப் பக்கமே போகவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்காவே அவளைத் தேடி வந்து உட்கார்ந்தாள். மகளை இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறாளாம். நாளைக்குப் பழைய பள்ளியில் பெயரை நீக்க எழுதிக்கொடுக்கப் போகிறாளாம். இனி காலையில் அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வரலாமாம்.

"அக்கா, எழுதிக் குடுக்காதீங்க," என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"எனக்காகப் பேசினியா?"

"பேசினேன்க்கா."

"அப்புறம்?"

"அவரு கேக்கல."

"நீ வந்து சொன்னது நல்லதுதான். இப்ப இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"



அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை கடிதம் வந்ததும், பெயரைக் கொடுத்ததே 'ரகசியம்'தான் என்று கூடம் முழுக்கப் பேச்சு. அவள் ஒவ்வொருவரிடமும் போய் நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலை இழந்து நிற்கிறவளிடம் போய் அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

தங்கை பதவியை விட்டுவிடச் சொன்னாள். விட்டால் பழையபடி கத்துகிற ஒருத்தர்தான் வருவார் என்றாள் இவள்.

"நீ இருந்து மட்டும் என்னத்தைத் தடுத்த?" என்றாள் தங்கை.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு பேர்தான். மூட்டைகள் குறையவில்லை. மதியம் மேலாளர் மறுபடி கூப்பிட்டார். மாதக் கடைசியில் இன்னொரு ஆளும் போக வேண்டும், யாரென்று இன்னும் முடிவாகவில்லை, இதுவும் வெளியே போகக்கூடாது என்றார்.

அவள் கீழே வந்து எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினாள். பதினோரு பேரையும் கூப்பிட்டு, கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக வேலைக்குத் திரும்பினார்கள்.