ஆழ்ந்த புரிதல்

ஏழாவது முறையாக அதே பேச்சு. அமெரிக்கத் தூதரகத்து ஹால்வர்சன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொல்ல, சியோல் அரசு அலுவலகத்தின் இளநிலை அதிகாரி பியோ எழுதிக்கொண்டான். எரிந்த அணு எரிபொருளிலிருந்து குண்டுக்கான சரக்கைப் பிரித்தெடுக்கும் ஆலையைத் தென்கொரியா கைவிட வேண்டும். இல்லையென்றால் மின்நிலையத்துக்கு அமெரிக்கா தரும் கடன் நிற்கும். எல்லையில் நிற்கும் அமெரிக்கப் படைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும். ஆலை மின்சாரத்துக்குத்தான் என்று பியோவும் ஏழாவது முறையாகச் சொன்னான். இருவருமே அதை நம்பவில்லை. அந்த வசந்தத்தில் வியட்நாமில் சைகோன் விழுந்ததிலிருந்து, அமெரிக்கர்கள் இங்கிருந்தும் எப்போது மூட்டை கட்டுவார்களோ என்று சியோலில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தில் பிறந்த ஆலை அது.

வாசல்வரை போன ஹால்வர்சன் திரும்பினார். மூன்று மாதத்தில் ஆள் இளைத்துவிட்டார்.

"மிஸ்டர் பியோ, நாளைக்கு நீங்க அந்த ஆலைக்கான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப்போறீங்க. நான் சொல்றது மேல போகுதா?"

"போகுது சார்."

போனது வேறு. பியோ எழுதும் குறிப்பு இயக்குநர் பாங்கின் மேசைக்குப் போகும். அவர் சிவப்புப் பென்சிலை எடுப்பார். 'நிற்கும்' என்பது 'தாமதமாகலாம்' ஆகும். படைகளைப் பற்றிய வரி காணாமலே போகும். கடைசியில் மேலிடத்துக்குக் கிடைப்பது: அமெரிக்கத் தரப்பு ஆழ்ந்த புரிதலை வெளிப்படுத்தியது. ஆறு முறையும் அதே வரி. பாங் கெட்டவரில்லை. மேலிடத்துக்குக் கசப்பைக் கொண்டுபோன ஒருவனும் அந்தக் கட்டடத்தில் நிலைத்ததில்லை, அவ்வளவுதான்.

குண்டு வேண்டாம் என்பதல்ல பியோவின் கட்சி. ஏழு வயதில், போர்க்காலக் குளிரில், உறைந்த ஆற்றின்மேல் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தெற்கே ஓடிவந்தவன் அவன். குண்டு இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவனுக்கும் தோன்றியதுண்டு. ஆனால் படையும் போய், குண்டும் வந்து சேராத அந்த இடைவெளியில் வடக்கே இருப்பவன் சும்மா இருப்பானா? முடிவு எடுக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். அவன் கேட்டது அவ்வளவே.

அன்றும் பாங் பென்சிலோடு உட்கார்ந்தார்.

"சார், நாளைக்குக் கையெழுத்து. இந்த ஒரு தடவையாவது அந்த ஆள் சொன்னத அப்படியே அனுப்பலாமே."

"அனுப்பி? மேலிடத்துக்கு வயித்தக் கலக்கிவிடவா நமக்கு உத்தியோகம்?" பாங் இரண்டு வரிகளை அடித்தார். "சுத்தமா டைப் பண்ணி வை. நான் சாப்ட்டு வந்து முத்திரை போடறேன்."

மூன்று மாத உழைப்பு ஒரு பென்சில் முனையில் போய்க்கொண்டிருந்தது.

இயக்குநரின் முத்திரை பியோவின் இழுப்பறையில்தான் கிடந்தது. நாளுக்கு ஐம்பது காகிதத்தில் குத்த எந்த இயக்குநருக்குப் பொறுமை உண்டு? விடுப்புச் சீட்டுக்கும் வாகனச் சீட்டுக்கும் வருடக்கணக்காக அவன்தான் குத்திவந்தான். இன்று ஹால்வர்சன் சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்தான். முத்திரையை எடுத்த அவசரத்தில் கட்டைவிரல் சிவப்பு மையில் ஆழப் பதிந்தது. பாங்கின் பெயர் காகிதத்தில் பளிச்சென்று விழுந்தது. மாடியில் மேலிடத்தின் செயலர் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுக் காகிதத்தை உள்ளே கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது.

எண்ணெய் மை அது. சோப்புப் போட்டும் போகவில்லை.

பாங் எலும்பு சூப் வாசனையோடு திரும்பினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு ஜேஜு தீவு ஆரஞ்சை எடுத்து நீட்டினார்.

"கோவத்துல சாப்பிடாம உக்காந்திருப்பேன்னு தெரியும். இந்தா. அந்தக் குறிப்பக் கொண்டா, முத்திரை போட்டுடுவோம்."

பெரியவர் கொடுப்பதை ஒரு கையால் வாங்க முடியாது. பியோ எழுந்து, தலை குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினான். வலது கட்டைவிரல் நகம்வரை சிவந்திருந்தது.

பாங்கின் பார்வை அதில் நின்றது. ஆரஞ்சு இன்னும் அவர் விரல்களை விட்டு வரவில்லை.