மெக்கானிக்கின் மூக்கு

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: பைக் மெக்கானிக், அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை, ஆறு மாதப் பேத்தி. இவர்களில் பேத்தி ஒருத்திதான் எதையும் சாதிக்கப் பார்க்கவில்லை.

பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ். சமையலறையிலிருந்து பட்டறைக்குள் இறங்க ஒரு கதவு உண்டு. பதினாறு வருடமாக அது திறந்தே கிடந்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் எஞ்சினை உறுமவிட்டபடி இந்தப் பக்கம் கையை நீட்டி டீ வாங்கிக்கொள்வார்.

பகலில் குழந்தையை இங்கே விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போவதாகப் பேச்சு. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தாத்தா தொட்டிலைத் துடைத்து, அதன் சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டுவிட்டார். வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா, என்ன வெளியவே நிக்கற?"

"பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுதுப்பா. இதுல எப்படி இவளை விட்டுட்டுப் போறது?"

"நாத்தமா? யாருகிட்ட சொல்ற?"

ஊரில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். டேங்கில் விரலை விட்டு முகர்ந்தால் போதும், கலப்படமா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

"பெட்ரோல்ல பென்சீன்னு ஒண்ணு இருக்குப்பா. ஒரு நாள் முகர்ந்தா ஒண்ணும் ஆகாம போகலாம். தினமும் உள்ள போனா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துலயே கைய வைக்கும். ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போகும்."

"நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுக்கு நாங்க ரத்தம் எடுக்கறதில்ல. உங்களுக்குத் திங்கட்கிழமை எடுக்கப்போறோம்."

மனைவி உள்ளே போய் இரண்டு துண்டுகளை எடுத்து வந்தாள். இரண்டையும் ஒரே சோப்பில் துவைத்திருந்தாள். ஒன்றை முற்றத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். இன்னொன்றைச் சமையலறையில், அந்தக் கதவோரம்.

"எது எங்க காஞ்சதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

மெக்கானிக் கண்ணை மூடி இழுத்து முகர்ந்தார். மாற்றி முகர்ந்தார். மறுபடியும் முதலாவதை எடுத்தார்.

"ரெண்டும் சோப்பு வாசனைதான். என்ன விளையாட்டு இது?"

மாப்பிள்ளை ஒரு துண்டை முழத் தூரத்திலேயே தள்ளிவிட்டார். "மாமா, இதுக்கு ஒரு நம்பர் பிளேட் மாட்டினா ரோட்டுல ஓடும்."

மனைவி தலையாட்டினாள். கதவோரம் காய்ந்தது அதுதான்.

யாராவது சிரித்திருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார். யாரும் சிரிக்கவில்லை.

"மூக்கு போயிடுச்சா எனக்கு?" என்றார் மகளிடம், மெதுவாக.

"போகலப்பா. இந்த வாடைக்குப் பழகிடுச்சு. அதனால எச்சரிக்கை பண்ணாது."

அவர் பேத்தியைப் பார்த்தார். அவள் தன் கட்டைவிரலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"சரி. என்ன பண்ணணும்?"

"பெட்ரோல் கேனெல்லாம் முற்றத்துக் கொட்டகைக்குப் போகணும். எஞ்சினை வெளிய வெச்சு ஓட்டுங்க. பெட்ரோல்ல கை கழுவாதீங்க, விரலை விட்டு முகராதீங்க."

"கிரீஸ் பின்ன எதுல போகும்?"

"சமையல் எண்ணெய தேய்ச்சு சோப்பு போடுங்க," என்றாள் மனைவி. "போகும். உங்க சட்டைக் காலரை நான் அப்படித்தான் வெளுக்கறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

மாப்பிள்ளை வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். மெக்கானிக் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறை வழியாகப் பட்டறைக்குள் இறங்கினார். ஏழு கேன்கள். இரண்டுக்கு மூடியே இல்லை. ஷட்டரைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோனார்.

கடைசிக் கேனை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சமையலறைப் படியில் கால் வைத்தார். மனைவி கதவில் குறுக்கே நின்றாள்.

"இந்த வழி இனிமே கிடையாதுங்க. கை கழுவிட்டு, சட்டைய மாத்திட்டு முன்வாசலா வாங்க."

"அடியே, டீயாவது..."

"அதுவும் முன்வாசல்லதான்."

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். மெக்கானிக் சிரித்துக்கொண்டே படியிலிருந்து இறங்கித் திரும்பி நடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது; பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.