பாதியில் நின்ற சங்கீதம்

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களான தவக்காலம் ஐந்தாம் ஞாயிறோடு நின்றுவிட்டது, ஈஸ்டர் வரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில், வேதாகமத்துப் பாட்டான சங்கீதத்தை இரண்டு பக்கமாகப் பிரிந்து பாடுவார்கள். வலப்பக்கத்துக்குத் தையல்கடை வைத்திருந்த அக்கா தலைமை, இடப்பக்கத்துக்கு மருந்துக்கடையில் வேலை பார்த்த தங்கை. வசனத்தின் முதல் பாதியை அக்கா எடுப்பாள், மறுபாதியைத் தங்கை முடிப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த ஞாயிறு அக்கா தன் பாதியைப் பாடி நிறுத்தியதும் தங்கை புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் எடுக்காமல் பாடிப் பழகாத இடப்பக்கமும் சும்மா நின்றது. பாடின பாதி கீழே இறங்காமல் உத்திரத்தில் தங்கிவிட்டது. கதவைச் சாத்திய பிறகும் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டது.

அடுத்த வாரமும் ஐந்தாம் ஞாயிறாகவே விடிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. வெளியே நாள்கள் வழக்கம்போல ஓடின. வெயில் ஏறியது, பள்ளிகள் மூடித் திறந்தன, வெங்காய விலை ஏறி இறங்கியது. கோயிலுக்குள் மட்டும் தவக்காலம். போதகர் பீடத்தின்மேல் ஈஸ்டருக்கான வெள்ளைத் துணியை விரித்துப் பார்த்தார். முதல் மணி அடிப்பதற்குள் அது தவக்காலத்து ஊதாவாகிவிட்டது. உயிர்த்தெழுதல் பாட்டுக்கு வாயைத் திறந்தால் எல்லோருக்கும் அந்தப் பாதி வசனம்தான் வந்தது. தவக்காலத்தில் கல்யாணம் செய்து வைப்பதில்லை என்பதால் அக்கா மகளின் கல்யாணமும் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள்.

தங்கையின் கோபம் அப்பாவைப் பற்றியது. நினைவு தப்பிப் படுக்கையில் கிடந்த அவரை வருஷக்கணக்காகக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றியவள் அவள். இரண்டு தெரு தள்ளி இருந்த அக்கா எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம், அடக்கத்தன்று வந்து பெட்டியருகே நின்று கல்லும் கரையும்படி சங்கீதம் எடுத்தாள். "மகள்னா இவ மகள்" என்று யாரோ சொன்னது தங்கை காதில் விழுந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அக்கா மருந்துக்கடைக்கு வந்தாள்.

"உன் மகளுக்காகக் கேக்க வந்தியா?" என்றாள் தங்கை, மாத்திரை அட்டைகளை அடுக்கியபடி.

"இல்லே. அப்பாவைப் பாக்க நான் வந்தேன்டி. பல நாள் ஜன்னல் வரைக்கும் வந்தேன். ஒருநாள் உள்ளேயும் வந்தேன், நீ கடையிலே இருந்தே. 'யாரும்மா நீ, என் மக எங்கே'ன்னு கேட்டார். அதுக்கப்புறம் வாசப்படி ஏற எனக்குக் கால் வரலே."

தங்கை அடுக்குவதை நிறுத்தினாள். "உன் பேரைச் சொல்லியும் கூப்பிடுவார். நான்தான் உன் குரல்லே 'வந்துட்டேன்ப்பா'ன்னு சொல்வேன். அப்பதான் தூங்குவார்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த ஞாயிறு நீ எடு," என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்தபடி. "நான் பதில் பாடறேன்."

"உனக்குப் பதில் பாட வராதே. எப்பவும் முந்திக்குவே."

"காத்திருந்து பாடறேன்."

ஞாயிறன்று தங்கை முதல் பாதியை எடுத்தாள். குரல் உடைந்தது, நின்றது, மறுபடி தொடர்ந்தது. அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்திருந்து, பிறகு மறுபாதியைப் பாடினாள். உத்திரத்தில் தங்கியிருந்தது இறங்கி வந்து அதோடு சேர்ந்துகொண்டது. அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறாக விடிந்தது, அதற்கடுத்தது ஈஸ்டர். அந்த வாரமே கல்யாணமும் நடந்தது. மணப்பெண்ணுக்குச் சித்திதான் தலை வாரினாள். அதன் பிறகும் அக்காவும் தங்கையும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. யார் எடுப்பது, யார் முடிப்பது என்பதை மட்டும் வாரம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

தவறிய மாதங்களை ஈடுகட்ட யாரும் முயலவில்லை. அந்த ஊரில் இன்றும் ஈஸ்டர் அடைமழைக்காலத்தில்தான் வருகிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால், "எங்களுக்கு ஆண்டவர் கொஞ்சம் தாமதமாத்தான் உயிர்த்தார்" என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கி உதறிக்கொண்டு பாடுவதற்கு உள்ளே போகிறார்கள்.