அஞ்சு மணி ஆட்டம்

அண்ணனின் டான்ஸ் ஹாலில் பையக்காவுக்கு என்ன வேலை என்றால், வருகிறவர்களின் பை, குடை, ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது. வாசலை ஒட்டிய கவுண்டரில் பதினாலு வருடமாக இதே வேலை. சம்பளம் கிடையாது. கூடப் பிறந்தவளுக்கு எதற்குச் சம்பளம் என்பது அண்ணனின் கட்சி. பைக்கு இவ்வளவு என்று வாங்குகிற சில்லறைதான் அவளுடைய வருமானம். வீட்டு வாடகையும் அதில்தான், மகளின் படிப்பும் அதில்தான். அண்ணன் கெட்டவர் இல்லை. ஊரில் எல்லார் பேச்சையும் கேட்பார், தங்கை பேச்சைத் தவிர. இந்த வியாதி இன்னும் பல அண்ணன்களுக்கு உண்டு.

அப்புறம் காலம் கெட்டது. இரண்டு தொழிற்சாலைகளை மூடினார்கள். மிச்சமிருந்தவற்றில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்றார்கள். ஹாலில் ஈ ஓட்டவேண்டியதாயிற்று. அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். சோடாவிலிருந்து மது வரைக்கும் விலையைக் குறைத்தார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தார். கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விளக்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமாகச் சுற்றுகிற விளக்கை மாட்டினார். வந்திருந்த நாலு பேருக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். பத்தே காலுக்குச் சரிகை மாமா மேடை ஏறுவதற்குள் அந்த நாலு பேரும் போய்விடுவார்கள். சரிகை மாமா ஹாலின் பாடகர். ஜிகினா கோட்டு இல்லாமல் அவரை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை என்று பேச்சு.

கடைசியில் அண்ணன் ஒரு டைல்ஸ் வியாபாரியிடம் பேசிவிட்டார். ஹாலை அவர் கிடங்காக எடுத்துக்கொள்வார், சனிக்கிழமை சாயந்திரம் வந்து அளந்து பார்ப்பார் என்று ஏற்பாடு. விஷயத்தைத் தங்கையிடம் சொல்லவேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. அண்ணிதான் போன் செய்து சொன்னாள். பையக்கா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அண்ணனுக்கு மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். டைல்ஸ் கல் பையா கொண்டுவந்து கொடுக்கப்போகிறது? மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது.

ஆனால் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். போகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதானே. பத்து மணி அடித்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து வந்து டோக்கனை நீட்டுவார்கள். கை டோக்கனை நீட்டும், கண் கடிகாரத்தில் இருக்கும். ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம் வாய்விட்டே கேட்டாள், பாட்டு தொடங்குகிற நேரத்தில் எங்கேம்மா ஓடுகிறாய் என்று.

"கடைசி பஸ் பத்தே காலுக்குக்கா. அதை விட்டா டாக்ஸிதான். உள்ள நான் குடிக்கிறது ஒரு சோடா. டாக்ஸிக்குக் கொடுக்கிறது இருபது சோடா."

அவ்வளவுதான் விஷயம். சோடா விலையைக் குறைத்து என்ன பிரயோஜனம்? ஜனங்களுக்கு ஆட ஆசை போகவில்லை, வீட்டுக்குப் போகத்தான் வழியில்லை. அண்ணி போன் செய்த அன்றைக்கே பையக்கா நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆட்டத்தைச் சாயந்திரம் ஐந்து மணிக்கு வைத்தால் வேலை முடிந்து அப்படியே வருவார்கள், ஆசை தீர ஆடிவிட்டுப் பஸ்ஸிலேயே போய்விடுவார்கள் என்று எடுத்துச் சொன்னாள்.

அண்ணன் சிரித்தார். "மூஞ்சி தெரியிற வெளிச்சத்துல எவன் ஆடுவான்? நீ பையைப் பாரு."

நீ பையைப் பாரு, நீ பையைப் பாரு. இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. இந்தத் தடவை அவள் எழுந்து போகவில்லை. வருகிற சனிக்கிழமை ஒரே ஒரு நாள் ஹாலை எனக்கு விடு, கூட்டம் சேரவில்லையென்றால் நான் வாயே திறக்கமாட்டேன் என்றாள். அண்ணன் பதில் சொல்வதற்குள் அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், எப்படியும் கைவிட்டுப் போகிற ஹால்தானே, ஒரு நாள் கொடுத்தால் தேய்ந்தா போய்விடும் என்று. அண்ணி சொன்னால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அந்த வாரம் முழுக்க டோக்கன் வாங்கின ஒவ்வொருவர் காதிலும் பையக்கா ஐந்து மணி, ஐந்து மணி என்று ஓதி அனுப்பினாள். பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே சரிகை மாமாவுக்குப் போன் போட்டு எழுப்பிவிட்டாள்.

ஐந்து மணி அடித்தது. வந்தார்கள் ஐயா, வந்தார்கள். நர்ஸுகள் சீருடையோடு வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் முழங்கைவரை மாவோடு வந்தார். தபால்காரர், முடிவெட்டுகிறவர், தையல் மெஷின்களை விட்டு எழுந்துவந்த பெண்கள் என்று நாற்காலி போதாமல் போயிற்று. ஆனால் ஒருவரும் ஆடவில்லை. ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. தேய்ந்த செருப்பும் தையல்விட்ட காலரும் பளிச்சென்று தெரிந்தன. பல் டாக்டரிடம் வந்தவர்கள் போல எல்லாரும் சுவரோரமாக விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். சரிகை மாமா மூன்று பாட்டுப் பாடினார். கை தட்டினார்கள், எழுந்திருக்கவில்லை. சோடா மேஜைக்குப் பின்னாலிருந்து அண்ணன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பையக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாகப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. லஞ்ச் பாக்ஸ் பை, தோள்பை, காய்கறிப் பை. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்கள். கவுண்டருக்கு ஒரு பைகூட வரவில்லை. இந்தக் காலத்தில் பைக்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்? மடியில் பையை வைத்துக்கொண்டு எவன் ஆடுவான்?

பைக்குக் காசு வாங்காமல் விட்டால் அன்றைக்கு அவளுக்கு வருமானமே கிடையாது. அது தெரிந்தேதான் கவுண்டரை விட்டு நடு ஹாலுக்கு வந்தாள்.

"பையெல்லாம் இப்படிக் குடுங்க. இன்னைக்குக் காசு கிடையாது."

யாரும் அசையவில்லை. அவளே போய் ரொட்டிக்கடைக்காரரின் பையைப் பிடித்து இழுத்தாள். அடுத்து நர்ஸின் தோள்பை. அப்புறம் அவர்களாகவே நீட்ட ஆரம்பித்தார்கள். அள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள், திரும்பி வந்தாள், மறுபடி அள்ளினாள். கை காலியான மனிதனுக்கு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரிவதில்லை. ரொட்டிக்கடைக்காரர் தம் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அதை நர்ஸிடம் நீட்டினார். அவள் சீருடையில் மாவு அப்பியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். நாலாவது பாட்டுக்குப் பத்து ஜோடி. ஐந்தாவது பாட்டுக்குச் சுவரோரம் காலி. தேய்ந்த செருப்பு எல்லார் காலிலும் இருந்தது, அப்புறம் யாருக்கு என்ன வெட்கம்? தபால்காரர் போட்ட ஆட்டத்தில் தரை அதிர்ந்தது.

ஆறரைக்கு டைல்ஸ் வியாபாரி வந்து சேர்ந்தார். அளவு நாடாவை எடுத்தார், உள்ளே காலை வைக்க இடமில்லை. ஒதுங்கி ஒதுங்கிச் சோடா மேஜைக்குப் போய், எப்போது அளக்கலாம் என்று அண்ணனின் காதில் கத்தினார். அண்ணனுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. சோடா தீர்ந்து, ஆள் அனுப்பி இரண்டாவது தடவை வரவழைத்திருந்தார். அவர் ஹாலைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைக் கேக்காதீங்க. அதோ நிக்கிறா பாருங்க, என் தங்கச்சி. இனிமே ஹாலை நடத்துறது அவதான்."

பாட்டுச் சத்தத்திலும் அது பையக்காவின் காதில் விழுந்தது. பதினாலு வருடம் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை சும்மா இல்லை, இரண்டிலும் ஊரார் பை. டைல்ஸ் வியாபாரி திரும்பி அவளைப் பார்த்தார்.

"இடம் இல்லைங்க," என்றாள். பிறகு அவர் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்து, "அண்ணே, இன்னையிலேர்ந்து எனக்குச் சம்பளம்," என்றாள்.

அண்ணன் சோடாவைத் திறந்துகொண்டே, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.